ஏ.டி.வி. இழுக்கவில்லையா, இரைகிறதா? கழற்றும் முன் கோளாறின் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

காடு மேடு எல்லாம் ஓடும் நான்கு சக்கர வண்டி ஏ.டி.வி. கட்டைவிரலால் அதன் த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) அழுத்தினால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. வளைவில் திருப்பினால் முன்பக்கம் டக் டக் என்று அடிக்கிறது. ரிவர்ஸ் போட்டதும் அடியில் தடால் என்று ஓர் உதை. மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்துக் கோளாறுகள். புதிதாக ஏ.டி.வி. வாங்கியவர்கள் மூன்றுக்கும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: "கியர்பாக்ஸ் போச்சு." உண்மையில் கியர்பாக்ஸ் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய இடம். பெல்ட், பூட் (மூட்டை மூடும் ரப்பர் உறை), பேரிங், ஸ்விட்ச் என்று வெளியில் இருக்கும் சின்ன பாகங்களைப் பார்த்து முடிப்பதற்குள் பெரும்பாலான புகார்களுக்கு விடை கிடைத்துவிடும்.

இங்கே சொல்வது பெல்ட்டில் ஓடும் நான்கு சக்கர இழுவை வண்டிகளை மனதில் வைத்து. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன், கேன்-ஆம் அவுட்லேண்டர், சி.எஃப்.மோட்டோ சிஃபோர்ஸ் எல்லாம் இந்த வகை. ஹோண்டா ரான்சர் போன்றவற்றில் பெல்ட்டே கிடையாது. அதில் ஆயிலில் ஓடும் கிளட்சும் பல் சக்கரங்களும்தான். ரேப்டர் மாதிரியான ஸ்போர்ட் வண்டிகளிலும் குழந்தைகளுக்கான சின்ன வண்டிகளிலும் பின் ஆக்ஸிலை இழுப்பது செயின். உங்கள் வண்டி எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாத பெல்ட்டைத் தேடி இடதுபக்க மூடியைக் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இழுவை போகும் பாதை

இன்ஜினின் கிராங்க் முனையில் பிரைமரி கிளட்ச். அதற்குள் எடைக்கட்டைகள், இன்ஜின் வேகம் ஏறினால் அவை வெளியே விரிந்து, கிளட்சின் இரு தட்டுகளையும் நெருக்கிப் பெல்ட்டைப் பிடிக்கும். பெல்ட்டின் மறுமுனையில் செகண்டரி கிளட்ச். அங்கிருந்து எச் (ஹை), எல் (லோ), என் (நியூட்ரல்), ஆர் (ரிவர்ஸ்) கியர்கள் உள்ள கியர்பாக்ஸ். அதிலிருந்து முன்னும் பின்னும் இரண்டு பிராப் ஷாஃப்ட்கள் (இழுவையைக் கொண்டுபோகும் சுழல் தண்டுகள்). ஷாஃப்டின் முனையில் இரு பக்கச் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பெட்டி. பெட்டியின் இருபுறமும் ஆக்ஸில். ஒவ்வொரு ஆக்ஸிலின் உள்முனையிலும் வெளிமுனையிலும் ஒவ்வொரு சி.வி. ஜாயிண்ட் (மடங்கியபடியே சுற்றும் மூட்டு). கடைசியில் ஹப், வீல் பேரிங், சக்கரம்.

இந்த வரிசையை மனதில் வையுங்கள். கோளாறு கண்டுபிடிப்பது என்றால் இந்தப் பாதையை எங்காவது இரண்டாக வெட்டி, 'சத்தம் இந்தப் பாதியிலா, அந்தப் பாதியிலா' என்று கேட்டுக்கொண்டே போவதுதான்.

ஸ்பேனரைத் தொடும் முன்

சத்தம் எப்போது வருகிறது என்பதே பாதி விடை. சமதளத்தில், ஆளில்லாத இடத்தில், ஹெல்மெட் போட்டு மெதுவாக ஓட்டிக் கவனியுங்கள்.

வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும் இரைச்சல், த்ராட்டிலை விட்டாலும் நிற்காவிட்டால் சக்கரப் பக்கம்: வீல் பேரிங் அல்லது டயர். த்ராட்டில் கொடுக்கும்போது ஒரு ஸ்வரம், விட்டதும் வேறு ஸ்வரம் என்றால் டிஃபரன்ஷியலின் கிரவுன், பினியன் பற்கள். வளைவில், இழுவை கொடுத்தபடி திருப்பும்போது மட்டும் டக் டக் என்றால் வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட். கிளம்பும்போதும் முன்–பின் மாற்றும்போதும் ஒரே ஒரு 'தடக்' என்றால் பிராப் ஷாஃப்டின் கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு), ஸ்ப்ளைன் (தண்டின் நீளவாட்டுப் பற்கள்) தேய்மானம் அல்லது இன்ஜின் மவுண்ட் ரப்பர். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது கீச்சென்று கத்தி, ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட். மெதுவாகப் போகும்போது மட்டும் சீரான இடைவெளியில் தட் தட் என்று குலுங்கினால் பெல்ட்டில் ஓரிடம் எரிந்து தேய்ந்திருக்கிறது.

'இழுக்கவில்லை' என்ற புகாருக்கு ஆர்.பி.எம். மீட்டரைப் பாருங்கள். பெல்ட் வண்டியில் முழு த்ராட்டில் கொடுத்தால் ஆர்.பி.எம். ஓரளவு ஏறி அங்கேயே நிற்கும். வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகும். இது கோளாறில்லை, பெல்ட் வண்டியின் இயல்பே அப்படித்தான். ஆர்.பி.எம். எகிறி வேகம் ஏறவில்லை என்றால் எங்கோ ஸ்லிப் ஆகிறது. ஆர்.பி.எம்.மும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் இன்ஜினில் வலு இல்லை, அல்லது பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. அப்போது டிரைவ் டிரெய்னை (மேலே சொன்ன இழுவைப் பாதையை) பிரிப்பது வீண் வேலை. சிறிது தூரம் பிரேக்கே தொடாமல் ஓட்டி நிறுத்தி, எல்லா பிரேக் டிஸ்க்குகளின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், அனல் போதும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) சிக்கியிருக்கிறது.

ரிவர்ஸில் ஓர் அளவுக்கு மேல் இன்ஜின் ஏறாமல் தடுமாறுவதையும் புதியவர்கள் கோளாறு என்று கொண்டுவருவார்கள். பல வண்டிகளில் அது கம்பெனியே வைத்த வேகக் கட்டுப்பாடு. ஹாண்டில்பாரில் அதை நீக்கும் பட்டன் இருக்கும்.

டயரில் தொடங்குங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் நிறைய ஏமாற்றம் இங்கிருந்துதான் வருகிறது. ஏ.டி.வி. டயருக்குக் காற்று மிகக் குறைவு. பெரும்பாலும் 5 முதல் 7 பி.எஸ்.ஐ.க்குள். பெட்ரோல் பங்க்கின் மீட்டரில் இந்த எண்களைச் சரியாகப் படிக்கவே முடியாது. 0–15 பி.எஸ்.ஐ. அளக்கும் தனி கேஜ் ஒன்று வாங்கி வையுங்கள். இடது 4, வலது 8 என்று இருந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிறகு டேப்பைச் சுற்றி ஒவ்வொரு டயரின் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். ஒரே அச்சில் ஒரு புது டயர், ஒரு மொட்டை டயர் இருந்தால் நான்கு சக்கர இழுவையில் டிஃபரன்ஷியலும் ஆக்ஸிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே ஓடும். கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் அந்தச் சுமை முதலில் விழுவது பெல்ட்டின் மேல். லிஃப்ட் கிட் போட்டு வண்டியை உயர்த்தியிருந்தால் சி.வி. ஜாயிண்ட் எப்போதும் அதிகக் கோணத்தில் மடங்கி ஓடும். அங்கே தேய்மானம் சீக்கிரம் வரும். பழைய வண்டி வாங்கும்போது இந்த இரண்டையும் கட்டாயம் கேளுங்கள்.

தூக்கி நிறுத்துதல்

ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டியின் அடியில் கையை விடாதீர்கள். ஃபிரேமின் அடியில் நான்கு ஸ்டாண்ட் வைத்து, சக்கரம் நான்கும் தரையை விட்டு எழும்படி நிறுத்துங்கள். பின் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு கியர் போட்டு ஓட்டிப் பார்ப்பது ஆபத்து. நான்கு சக்கர இழுவை பிடித்துவிட்டால் முன் சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இழுத்துத் தள்ளும். கீழே சொல்லும் கைச் சோதனைகள் எல்லாம் இன்ஜின் அணைந்த நிலையில் செய்ய வேண்டியவை. நான்கு சக்கர இழுவைச் சோதனைக்குத் தவிர சாவியும் கையில் இருக்கட்டும்.

சக்கரத்தை மேலும் கீழுமாக, கடிகாரத்தின் 12-லும் 6-லும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது சஸ்பென்ஷன் புஷ். இந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொண்டால் தேவையில்லாமல் பேரிங் மாற்றும் செலவு மிச்சம். 3-லும் 9-லும் பிடித்து ஆட்டும்போது முன் சக்கரம் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கின் டை ராட் முனையைப் பாருங்கள்.

அடுத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறு கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைத் தொடுங்கள். கெட்டுப்போன பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் கம்பியில் நடுக்கமாகத் தெரியும்; காதுக்குக் கேட்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். நான்கு சக்கரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நல்லது எப்படியிருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டது புரியும்.

நியூட்ரலில் ஒரு பின் சக்கரத்தைச் சுற்றினால் மறு சக்கரம் என்ன செய்கிறது? பல ஏ.டி.வி.களில் பின்புறம் டிஃபரன்ஷியல் செயல்பாடே இல்லாமல் இரு சக்கரமும் பூட்டியபடி ஒரே பக்கம் சுற்றும். திறந்த டிஃபரன்ஷியல் என்றால் எதிர்ப்பக்கம் சுற்றும். பூட்டிய வகை வண்டியில் ஒரு சக்கரம் சுற்ற, மற்றது அசையாமல் நின்றால் ஒரு ஆக்ஸிலோ ஹப்பின் ஸ்ப்ளைனோ அறுந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்று பார்க்க ஆக்ஸில் தண்டிலும் ஹப்பிலும் சாக்பீஸால் ஒரே நேர்க்கோடு போட்டுச் சுற்றுங்கள். கோடு எங்கே பிரிகிறதோ அங்கே வழுக்குகிறது.

பெல்ட் பெட்டி: இங்கே நேரம் செலவழியுங்கள்

போலாரிஸ் 1985-இல் டிரெயில் பாஸ் வண்டியைக் கொண்டுவந்தபோதே இந்தப் பெல்ட் ஏற்பாடுதான். அன்று முதல் இன்று வரை பெல்ட்டைக் கெடுக்கும் காரணங்களும் மாறவில்லை: தண்ணீர், ஆயில், சிக்கிய சக்கரத்தோடு த்ராட்டிலை அழுத்திப் பிடிப்பது, லோ கியர் போட வேண்டிய இடத்தில் ஹை கியரில் ஓட்டுவது. மணிக்கு சுமார் 10 கிலோமீட்டருக்குக் கீழே நெடுநேரம் ஊர்வது, சுமை இழுப்பது, செங்குத்து ஏற்றம், டிரெய்லரில் ஏற்றுவது எல்லாமே 'எல்' கியர் வேலை.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைக் கழற்றுங்கள். மூடி இல்லாமல் இன்ஜினை ஓட்டிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள். அறுந்த பெல்ட் சிதறினால் விரலும் முகமும்தான் அகப்படும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை ரேஸ் பண்ணுவதும் கூடாது. தாங்க ஒன்றும் இல்லாமல் பிரைமரி தட்டுகள் முழு வேகத்தில் மோதிக்கொள்ளும்.

கழற்றும் முன் பெல்ட்டில் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். குறி இல்லாவிட்டால் நீங்களே போடுங்கள்; ஒரு பக்கமாக ஓடிப் பழகிய பெல்ட்டை அதே பக்கமாகத்தான் திருப்பி மாட்ட வேண்டும். பெல்ட் செகண்டரி தட்டின் வெளிவிளிம்புக்குச் சமமாகவோ, 2–3 மில்லிமீட்டர் மேலெழும்பியோ இருப்பது பெரும்பாலான வண்டிகளில் சரியான நிலை. விளிம்புக்குள் அமுங்கிக் கிடந்தால் பெல்ட் அகலம் தேய்ந்துவிட்டது. வெர்னியரால் நான்கைந்து இடங்களில் அகலத்தை அளந்து, மேனுவலில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். ஒரே இடத்தில் மட்டும் குறைந்திருந்தால் அதுவும் ஒரு விடைதான்.

கழற்றிய பெல்ட்டைக் குப்பையில் போடாதீர்கள், படியுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் இடுப்பு சிறுத்திருந்தால், சக்கரம் நகராமல் சிக்கியிருந்தபோது யாரோ த்ராட்டிலைப் பிடித்திருக்கிறார்கள்: பிரைமரி சுற்ற, பெல்ட் நிற்க, தொட்ட இடம் எரிந்திருக்கிறது. இரு பக்கவாட்டும் முழுக்கக் கண்ணாடி மாதிரி மினுங்கினால் நெடுநாள் ஸ்லிப். தட்டில் ஆயில் பட்டிருக்கும், செகண்டரி ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது எப்போதும் ஹை கியர் ஓட்டம். உள்பக்கப் பற்கள் பிய்ந்து போயிருந்தால் திடீர் அதிர்ச்சி: முழு த்ராட்டிலோடு தாவி இறங்கியது, சுழலும் சக்கரம் சட்டென்று பிடிமானம் பெற்றது. ஒரு ஓரத்தில் மட்டும் நூல் பிரிந்தால் இரண்டு கிளட்சும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை, அல்லது தட்டு விளிம்பு கீறியிருக்கிறது. இந்தக் கடைசி வகையில் புது பெல்ட் வாங்கி மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். முதலில் இன்ஜின் மவுண்டைப் பாருங்கள். ரப்பர் கிழிந்த மவுண்டில் இழுவை கொடுக்கும்போதெல்லாம் இன்ஜின் திரும்பி, நிற்கும்போது நேராக இருந்த கிளட்ச் ஓடும்போது கோணலாகும்.

பெல்ட் வெடித்து நூலாகப் போயிருந்தால் பெட்டி முழுவதையும் சுத்தம் செய்யுங்கள். பிரைமரியின் பின்பக்கம், கிராங்க் சீல் இருக்கும் இடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டால் சீலை அறுத்து இன்ஜின் ஆயிலைப் பெட்டிக்குள் விடும். புது பெல்ட் ஒரே நாளில் ஸ்லிப் ஆகிறது என்று வரும் புகார்களுக்கு இது ஒரு காரணம். பெல்ட்டைக் குளிர்விக்கும் காற்றுக் குழாய்க்குள்ளும் துண்டுகள் போயிருக்கும். அது அடைத்தால் பெல்ட் வெந்துபோகும்.

பெல்ட் கையில் இருக்கும்போதே பாதையை இரண்டாக வெட்டும் சோதனையைச் செய்துவிடுங்கள். நியூட்ரலில் செகண்டரியைக் கையால் சுற்றுங்கள்; இலகுவாகச் சுற்ற வேண்டும். 'எச்' போட்டுச் சுற்றினால் சக்கரங்கள் சேர்ந்து சுற்றும். இந்தச் சுற்றில் கரகரப்போ, விட்டு விட்டுப் பிடிப்பதோ தெரிந்தால் கோளாறு கியர்பாக்ஸ் முதல் சக்கரம் வரை உள்ள பாதியில். வழவழப்பாகச் சுற்றினால் சந்தேகம் கிளட்சுகளின் மேல் திரும்பும்.

செகண்டரியின் நகரும் தட்டை அழுத்தித் திருகி விடுங்கள். தடங்கல் இல்லாமல் சட்டென்று மூட வேண்டும். பாதியில் நின்றால் உள்ளே ரோலரோ பட்டனோ தேய்ந்திருக்கிறது. பிரைமரியின் நகரும் தட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். நன்றாக ஆடினால் புஷ் போய்விட்டது. எடைக்கட்டைகளைத் தாங்கும் ஊசி (பின்), ரோலர் ஆகியவற்றில் தட்டைப் பள்ளம் விழுந்திருந்தால் வண்டி கிளம்பும்போது உதறும். பிரைமரியைக் கழற்ற அந்த மாடலுக்கான புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) மட்டுமே. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அலுமினியத் தட்டில் கீறல் விழும்; அந்தக் கீறல் ஒவ்வொரு சுற்றுக்கும் பெல்ட்டைச் செதுக்கும். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பதால் மூடியின் போல்ட்களைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இதில் அனுபவம் இல்லாவிட்டால் இந்த ஒரு வேலையை மட்டும் கடைக்காரரிடம் விடுவது நல்லது.

தட்டுகளைச் சுத்தம் செய்ய பிரேக் கிளீனரும் ஸ்காட்ச்-பிரைட் நாரும் போதும். கிரீஸ், டபிள்யூ.டி.-40 எதுவும் தட்டின் அருகில் வரக்கூடாது. புது பெல்ட்டை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்தி, விரல் எண்ணெய் படாமல் மாட்டுங்கள். முதல் 50 கிலோமீட்டர் அளவுக்கு முழு த்ராட்டில் வேண்டாம், சுமையும் வேண்டாம்.

ஆற்றைக் கடந்த பிறகு ஸ்லிப் ஆகிறது என்றால் பெல்ட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெட்டியின் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைத் திறந்து தண்ணீரை விட்டு, நியூட்ரலில் இன்ஜினை விட்டு விட்டு ரேஸ் செய்தால் பெல்ட் உலர்ந்துவிடும். தண்ணீர் எப்படி உள்ளே வந்தது என்பதைப் பிறகு பாருங்கள்: மூடியின் கேஸ்கெட், காற்றுக் குழாயின் கிளாம்ப்.

கியர் விழ மறுத்தால்

நின்றிருக்கும் வண்டியில் கியர் போட்டால் கரகரவென்று அரைத்தால் உடனே கியர்பாக்ஸைத் திறக்காதீர்கள். ஐடில் வேகத்தைப் பாருங்கள். பல பெல்ட் வண்டிகளில் அது 1,200 ஆர்.பி.எம். சுற்றுவட்டாரம். அதற்கு மேல் ஓடினால் பிரைமரி பாதி பிடித்தபடியே இருக்கும், செகண்டரி சுற்றிக்கொண்டே இருக்கும், கியர் எப்படி விழும்? பிரேக்கை விட்டதும் வண்டி தானாக ஊர்வதும் இதே காரணத்தால்தான். ஐடில் சரியாக இருந்தும் அரைத்தால், இன்ஜினை அணைத்துக் கியர் போட்டுப் பாருங்கள். அணைந்த நிலையில் சுலபமாக விழுந்தால் பெல்ட் இழுவைதான் பிரச்சினை: பெல்ட் தவறான அளவு, அல்லது பிரைமரி அழுக்கில் சிக்கித் திறக்க மறுக்கிறது. அணைந்தும் விழாவிட்டால் லிவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் இணைப்புக் கம்பி அல்லது கேபிளின் அட்ஜஸ்ட்மென்ட்.

ஓடும்போது கியர் தானாக நழுவுவதற்கும் முதல் சந்தேகம் அதே கம்பிதான். அதைச் சரிசெய்த பிறகும் நழுவினால்தான் உள்ளே கியரைப் பூட்டும் டாக் பற்கள் உருண்டுவிட்டன என்று முடிவுக்கு வரலாம். அதுவரை நழுவ விட்டு ஓட்டினால் நல்ல பற்களும் உருண்டுவிடும்.

ஷாஃப்ட், ஆக்ஸில், பூட்

சக்கரத்தின் ரிம்மின் உள்பக்கம் வட்டமாகக் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் வெளி பூட் கிழிந்துவிட்டது. ரப்பர் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். கிழிசல் மடிப்பின் அடியில் ஒளிந்திருக்கும். இன்னும் டக் டக் சத்தம் வராவிட்டால் ஜாயிண்டைப் பிரித்துக் கழுவி, புது பூட்டும் கிட்டோடு வரும் மாலிப்டினம் கிரீஸ் முழுவதும் போட்டுக் காப்பாற்றலாம். சத்தம் வந்த பிறகு கிரீஸ் திணிப்பது பயனில்லை. மணலும் சேறும் உருண்டைகளின் பாதையை ஏற்கெனவே குழி பறித்திருக்கும். ஆக்ஸிலையே மாற்ற வேண்டும்.

ஆக்ஸிலைக் கையால் பிடித்து உள்ளும் வெளியும் தள்ளினால் உள் ஜாயிண்ட் நகரும். அது அதன் வேலை. மேலும் கீழுமாகத் தூக்கும்போது ஆட்டம் இருந்தால்தான் கோளாறு. கழற்றும்போது ஹப் பக்கம் விடுவித்த பிறகு, உள் ஜாயிண்டின் கிண்ணத்தைப் பிடித்து நேராக வெடுக்கென்று இழுக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் ஜாயிண்ட் உள்ளுக்குள் பிரிந்து, அதைச் சேர்ப்பது தனி வேலையாகும். முனையில் இருக்கும் சர்க்ளிப்பை (பிடித்துவைக்கும் கம்பி வளையத்தை) ஒவ்வொரு முறையும் புதிதாக மாட்டுங்கள். உள்ளே தள்ளும்போது ஸ்ப்ளைன் பற்கள் ஆயில் சீலின் உதட்டை உரசாமல் நடுவில் பிடியுங்கள். சீல் கிழிந்தால் மறுநாளே ஒழுகும். ஏற்கெனவே ஒழுகும் சீல் என்றால், கயிறு, மீன்பிடி நரம்பு, முள்வேலிக் கம்பி ஏதாவது ஆக்ஸிலில் சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சீலைக் கெடுப்பது பல நேரம் இவைதான்.

பிராப் ஷாஃப்டைப் பார்க்க, அதைக் கையால் இரு பக்கமும் சட்டென்று திருப்புங்கள். கிராஸின் தொப்பிகளில் ஆட்டம் தெரிந்தாலோ, தொப்பியோரம் துருத்தூள் செந்நிறமாகக் கசிந்திருந்தாலோ கிராஸ் மாற்ற வேண்டும். கடற்கரையில் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். ஓட்டி முடித்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவினால் ஆயுள் கூடும். பிரஷர் வாஷரைச் சீலுக்கும் பேரிங்குக்கும் நேராகப் பிடிக்காமல் கழுவுங்கள்.

ஆயில் என்ன சொல்கிறது

வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கிய பிறகு, முன் பெட்டி, பின் பெட்டி, கியர்பாக்ஸ் ஆயில்களைத் தனித்தனிச் சுத்தமான பாத்திரத்தில் வடியுங்கள். முதலில் நிரப்பும் பிளக் திறக்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் பிளக்கைத் தொடுங்கள். வடித்துவிட்டு நிரப்பும் பிளக் துருப்பிடித்துச் சிக்கினால் வண்டி அங்கேயே நிற்கும். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி மெல்லிய தூள் ஒட்டியிருப்பது இயல்பு. அதை இரு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்: வழுவழுப்பாக இருந்தால் சரி, நெருடினால் கவலை. செதில், ஊசி, பல்லின் துண்டு கிடைத்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியானால் சீலோடு மூச்சுக் குழாயையும் பாருங்கள். சூடான பெட்டி ஆற்றில் இறங்கியதும் உள்காற்று சுருங்கும். மூச்சுக் குழாய் அடைத்திருந்தால் அந்த உறிஞ்சலில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும்.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஆயில் என்று ஊற்றாதீர்கள். போலாரிஸின் முன் பெட்டிக்கு டிமாண்ட் டிரைவ் என்ற தனி ஆயில். கெட்டியான சாதா கியர் ஆயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரோலர்கள் நேரத்துக்கு நகராமல் நான்கு சக்கர இழுவை தாமதமாகப் பிடிக்கும், பிடித்தால் விடாது.

நான்கு சக்கர இழுவை வரவில்லை என்றால்

ஹோண்டா 1986-இல் நான்கு சக்கர இழுவையுடன் ஏ.டி.வி. கொண்டுவந்தபோது அதற்கு ஸ்விட்ச் கிடையாது, எப்போதும் இழுவைதான். இன்றைய வண்டிகளில் அது பெரும்பாலும் மின்சாரத்தின் வேலை. ஆகவே பல் சக்கரத்தைச் சந்தேகப்படும் முன் ஃபியூஸைப் பாருங்கள்.

நான்கு சக்கரமும் மேலே இருக்க, சாவியைத் திருப்பி ஸ்விட்சை மாற்றி மாற்றிப் போடுங்கள். சின்ன மோட்டார் இழுவையைப் பூட்டும் வகை என்றால் முன் பெட்டியருகே 'விர்ர்' என்ற சின்னச் சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் அதன் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் மோட்டார் கெட்டது. வராவிட்டால் ஸ்விட்ச், வயர், எர்த். கனெக்டருக்குள் பச்சை பூத்த பின்களே பாதி நேரம் குற்றவாளி. மோட்டார் ஓடியும் இழுவை பிடிக்கவில்லை என்றால் சற்று முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். பற்கள் நேருக்கு நேர் நின்றால் பூட்டு விழாது.

போலாரிஸ் வகையில் மோட்டாருக்குப் பதில் மின்காந்தக் காயில். பின் சக்கரம் வழுக்கும்போதுதான் முன் சக்கரம் பிடிக்கும், அதனால் கெட்டியான தரையில் ஓட்டி 'வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டக்கூடாது. சோதிக்கும் வழி இது: நான்கு சக்கரமும் மேலே, நியூட்ரல், ஸ்விட்ச் அணைந்த நிலையில் பின் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள், முன் பிராப் ஷாஃப்ட் சுற்றும், முன் சக்கரங்கள் நிற்கும். ஸ்விட்சைப் போட்டு அதே மாதிரி சுற்றினால் இரு முன் சக்கரமும் சேர்ந்து சுற்ற வேண்டும். சில மாடல்களில் இன்ஜின் ஓடினால்தான் காயிலுக்கு மின்சாரமே வரும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். காயிலின் கனெக்டரைப் பிரித்து ஓம் அளந்தால் பல மாடல்களில் 24 ஓம் அருகே காட்டும். முடிவே இல்லை என்று காட்டினால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. காயிலும் மின்சாரமும் சரி, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால்தான் பெட்டியைத் திறந்து காயில் இழுக்கும் ஆர்மேச்சர் தட்டையும் ரோலர் கூண்டையும் பார்க்க வேண்டும். தட்டின் முகத்தில் ஒரே சீராகத் தேய்ந்த மினுமினுப்பு வளையம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மினுங்கினால் தட்டு வளைந்திருக்கிறது.

செயின் வண்டிக்குச் சில வார்த்தைகள்

செயினின் தளர்ச்சியை ஓரிடத்தில் மட்டும் அளக்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளந்து மேனுவல் சொல்லும் அளவுக்கு வையுங்கள். இடத்துக்கு இடம் மாறினால் செயின் நீண்டுவிட்டது, ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்து மாற்றுங்கள். பின் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் தள்ளி இழுங்கள்: ஆடினால் கேரியர் பேரிங், அல்லது ஆக்ஸில் நட் தளர்ந்திருக்கிறது. சின்ன வண்டிகளில் ஹப்பின் ஸ்ப்ளைன் தேய்ந்து, நட் இறுக்கமாக இருந்தும் சக்கரம் ஆடும். நட்டை மேலும் இறுக்குவதால் அது சரியாகாது.

எல்லாம் மாட்டிய பிறகு ஹப் நட், வீல் நட், பிராப் ஷாஃப்ட் போல்ட் ஆகியவற்றை மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் விசை அளவில்) இறுக்கி, புது காட்டர் பின் போட்டு, ஒவ்வொரு நட்டிலிருந்தும் உலோகப் பரப்புக்கு ஓடும்படி பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் டார்க் ரெஞ்ச் தேவையில்லை; கோடு ஒடிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.